தட்டக்கா எண்ணிய அறுபத்தேழு

1993 மார்ச் 13: காத்திருந்தது 112, அடித்தது 9.
1998 மார்ச் 7: காத்திருந்தது 240, அடித்தது 3.
2006 மார்ச் 11: காத்திருந்தது 87, அடித்தது 31.
2013 மார்ச் 9: காத்திருந்தது 305, அடித்தது 2.
2019 மார்ச் 16: காத்திருந்தது 38, அடித்தது 1.
2024 மார்ச் 9: காத்திருந்தது 67, அடித்தது 1.
இங்கே எழுதாத ஆண்டுகளையும் சேர்த்து முப்பது கச்சேரிகளின் மொத்தம்: காத்திருந்தது 4,816, அடித்தது 377.

இவை என் தங்கையின் எண்கள், என் நோட்டில் நான் குறித்து வைத்தவை. அவள் பேருந்து டெப்போவில் டைம்கீப்பர். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இசைக் கல்லூரி மேடையின் கடைசி வரிசையில் நிற்பாள். அவளுக்கு முன்னால் மரச் சட்டத்தில் ஒரு வெண்கலத் தட்டு தொங்கும். குறுக்களவு 96 சென்டிமீட்டர், நானே அளந்தேன். துணி சுற்றிய கொட்டாப்புளியால் அதை அடிப்பது அவள் வேலை. கல்லூரிப் பிள்ளைகள் அவளைத் 'தட்டக்கா' என்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை நடப்பது மாணவர்கள் தாங்களே எழுதிய புதிய இசையின் கச்சேரி. எழுதியவருக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். இசை அதுவரை யாரும் கேட்காதது. பெரும்பாலானவை அன்று ஒருநாள் ஒலிப்பதோடு சரி, பிறகு அலமாரிக்குப் போய்விடும். அதனால் அன்றைக்கு நடக்கும் பிழையைத் திருத்த இன்னொரு நாள் கிடையாது.

காத்திருந்தது எதை என்று சொல்லிவிடுகிறேன். இசையைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து எழுதுவார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பார் என்று பெயர், நான்கு எண்ணினால் ஒரு பார் முடியும். வயலின்காரருக்குக் கிட்டத்தட்ட எல்லாப் பாரிலும் வேலை இருக்கும். என் தங்கைக்குக் கொடுக்கும் தாளிலோ பெரும்பாலும் ஒரு தடித்த கோடும் அதன்மேல் ஓர் எண்ணும்தான். 64 என்று போட்டிருந்தால், அறுபத்துநான்கு பார் எண்ணிக்கொண்டு நில், முடிந்ததும் அடி என்று பொருள். எண்ணுவது அவள் பொறுப்பு. நடத்துகிறவர் ஜாடை காட்டுவார் என்று நம்பி நிற்கவும் முடியாது, ஏனென்றால் இந்தத் தட்டை நினைத்த நொடியில் அடித்தால் சத்தம் தாமதமாக எழும்பும். இரண்டு பாருக்கு முன்பே யாருக்கும் கேட்காதபடி கொட்டாப்புளியால் அதை மெல்ல வருடி எழுப்பி வைக்க வேண்டும்.

அவள் இதற்குள் வந்தது ஒரு சண்டையால். எங்கள் அப்பா அதே டெப்போவில் மெக்கானிக். அவள் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து, வாசலுக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் பதிவேட்டோடு உட்கார்ந்தாள். 1993 ஜனவரியில் ஒரு மாலை, மெலிந்த ஆசாமி ஒருவர் கூண்டைத் தட்டி, பதினொன்றாம் எண் வண்டியைச் சொன்ன நேரத்துக்கு முன்பே விட்டுவிட்டீர்கள் என்று கத்தினார். அவள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"அஞ்சு நாப்பது. உங்க வாட்ச் என்ன சொல்லுது?"

"அஞ்சு முப்பத்தெட்டு."

"அப்ப ரெண்டு நிமிஷமா அது தூங்குது. நாளைக்குச் சாவி குடுத்துட்டு வாங்க."

அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் அவர் தன் கதையைச் சொல்லிவிட்டார். இசைக் கல்லூரி ஆசிரியர். மாணவர் குழுவை நடத்துகிறவர். வயலினுக்கும் பியானோவுக்கும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்க ஒருவரும் இல்லை.

"பள்ளிக்கூடத்துல பெரிய டிரம் அடிச்சிருக்கேன்" என்றாள் இவள். "உயரமா இருந்தேன்னு அதைத் தலையில கட்டிட்டாங்க."

"வர்றீங்களா? நான்தான் அங்க நடத்துநர்."

"ஏற்கெனவே இங்க நாப்பது நடத்துநரை மேய்ச்சிட்டிருக்கேன். நீங்க நாப்பத்தொண்ணு."

அவர் கையில் எப்போதும் ஒரு மெல்லிய வெள்ளைக் குச்சி இருக்கும் என்பதால் எங்கள் வீட்டில் அவர் 'குச்சிக்காரர்' ஆகிவிட்டார். இன்றைக்கு அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

தங்கையின் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, லேத் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். இந்த விஷயத்தில் அவருக்கு முப்பது வருஷமாக ஒரே புகார்.

"மச்சான், என் மெஷின் நிமிஷத்துக்கு நாப்பது தடவை தட்டுது. ஒருத்தன் கை தட்டினதில்லை. இவ வருஷத்துக்கு ஒரு தடவை தட்டுறா, எந்திரிச்சு நிக்கறாங்க."

துணிக்கு இஸ்திரி போடும்போது அவள் எண்ணிப் பழகுவாள். அந்த நேரத்தில் மாப்பிள்ளை எதையாவது கேட்டால் பதில் வராது. ஒருமுறை கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டுவிட்டு, அவரே தேடி, கிடைக்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஐந்து நிமிடம் கழித்து, "மேல் இழுப்பறை" என்று குரல் வந்திருக்கிறது. எண்பதாவது பாரில் பதில் வரும் என்று தெரிந்திருந்தால் காலையிலேயே கேட்டு வைத்திருப்பேன் என்றார்.

2019-ஐப் பற்றி எழுதாமல் இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அது இல்லாமல் 2024 புரியாது.

அந்த ஆண்டு கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுதியிருந்த இசை, மெதுமெதுவாகத் தேய்ந்துகொண்டே போய்த் தட்டின் ஓர் அடியோடு முடிய வேண்டும். தங்கையின் தாளில் 38 என்று இருந்தது. கடைசி வாரத்தில் அவன் இரண்டு பாரை வெட்டியிருக்கிறான். எல்லோர் தாளிலும் அடித்துவிட்டு, இவள் தாளில் எண்ணை மாற்ற மறந்துவிட்டான். கச்சேரியில் எல்லோரும் முப்பத்தாறில் நிறுத்தினார்கள். அரங்கம் அமைதியானது. முன்வரிசையில் யாரோ கைதட்டவே தொடங்கிவிட்டார்கள். அப்போது, தாளில் இருந்தபடி, மிகச் சரியாக, என் தங்கை அடித்தாள்.

அரங்கமே சிரித்தது. பையன் எழுந்து வணங்க வேண்டும், எழவில்லை.

"தாள்ல இருந்ததைத்தான் அடிச்சேன்" என்றாள் அவள், பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது. அவள் சொன்னது உண்மை. குச்சிக்காரரும் அதையே சொன்னார். அடுத்த ஆண்டு அந்தப் பையன் இசைக் கல்லூரியில் இல்லை, வேறு படிப்புக்கு மாறிவிட்டான் என்று கேள்விப்பட்டோம். அவன் மாறியதற்கு அந்த அடிதான் காரணமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தாளை மடித்துத் தன் டெப்போ பையில் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் நான் கூண்டுக்குப் போயிருந்தபோது பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, ஆறு பத்து வண்டின்னு அட்டவணையில இருக்கு. வண்டி வரலை. நான் என்ன எழுதுவேன்?"

"வரலைன்னு எழுதுவே."

"அட்டவணையில இருக்குன்னு வராத வண்டிக்கு விசில் ஊதுவேனா?"

"மாட்டே."

"அங்க மட்டும் ஊதிட்டேன்" என்றாள்.

இடையில் இரண்டு ஆண்டு கச்சேரி நடக்கவில்லை. மறுபடி தொடங்கியதிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஒத்திகைக்கு முன்பே, இசை எழுதிய பிள்ளையிடம் எல்லா வாத்தியமும் ஒன்றாக எழுதப்பட்ட முழுப் பிரதியைக் கேட்டு வாங்குவாள். தன் தாளிலுள்ள தடித்த கோட்டுக்கு மேல் பென்சிலால் அடையாளம் போடுவாள். பன்னிரண்டில் வயலின் நிற்கும், முப்பதில் கொம்பு வாத்தியம் தொடங்கும், இப்படி. வண்டி எந்த நிறுத்தத்தை எப்போது தாண்டும் என்று டெப்போவில் எழுதி வைப்பது போலத்தான். குச்சிக்காரர் பார்த்துவிட்டு, "ஒரு அடிக்கு இத்தனை குறிப்பா?" என்றாராம். "ஒரு அடிதானே இருக்கு" என்றிருக்கிறாள்.

2024-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஆறு படைப்புகள். அவற்றில் ஐந்தாவதில் மட்டும் தங்கைக்கு வேலை. அதை எழுதியவள் கடைசி ஆண்டு மாணவி. தலைமுடியை வைத்து எல்லோரும் அவளைச் 'சுருட்டை' என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவுகளைத் தலைநகரத்தில் இருக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்கு அனுப்புவார்கள். அவர்கள் ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் மேடையில் வாசித்து, அச்சிட்டும் கொடுப்பார்கள். சுருட்டைக்கு இது மூன்றாவது முயற்சி. படிப்பு முடிகிறது, இனி முயற்சி இல்லை. அவள் இசை முழுவதும் அந்த ஓர் அடியை நோக்கித்தான் போகிறது. தட்டு தவறினால் ஒலிப்பதிவு வீண்.

தங்கை இரண்டு வாரம் முன்பே பிரதியை வாங்கி அடையாளம் போட்டுவிட்டாள். அவள் எண் 64. நாற்பத்தொன்பது முடிந்ததும் புல்லாங்குழல் மறுபடி வரும். ஐம்பத்தாறு முடிந்ததும் செல்லோ என்ற பெரிய வயலினை வாசிப்பவர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் சுண்டத் தொடங்குவார்கள். அறுபத்துநான்கு முடிந்ததும் தட்டு. இஸ்திரிப் பெட்டி காய்ந்த நாளெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மாப்பிள்ளைக்கும் மனப்பாடம்.

கச்சேரி அன்று காலையில் கடைசி ஒத்திகை. அவளுக்குக் காலை ஷிப்ட், மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. நேராக மாலை கச்சேரிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலையில் நடந்தது இது. புல்லாங்குழல்காரப் பெண்ணுக்கு முந்தைய பகுதியை முடித்துவிட்டு மூச்சு வாங்க இடம் போதவில்லை. சுருட்டை அங்கேயே உட்கார்ந்து மூன்று பார் புதிதாக எழுதிச் சேர்த்தாள். குழுவில் பதினான்கு பேர். சின்னச் சீட்டுகளில் எழுதி ஒவ்வொருவர் தாளிலும் ஒட்டினாள். பதின்மூன்று சீட்டு. தட்டுக்கு அந்த இடத்தில் ஒரு குறிகூட இல்லை, வெறும் கோடுதான், அதனால் ஒட்ட எதுவும் இல்லை என்று அவள் கை தாண்டிப் போய்விட்டது. குச்சிக்காரரும் கவனிக்கவில்லை.

அரங்கில் 212 இருக்கை. நானும் மாப்பிள்ளையும் ஏழாம் வரிசை ஓரத்தில். சுருட்டை இரண்டாம் வரிசையில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. மேடையில் என் தங்கை டெப்போ சீருடையை மாற்றிக் கறுப்பு உடையில் நின்றாள். காலில் மட்டும் டெப்போ செருப்பு, அவசரத்தில் மாற்றவில்லை.

இசை தொடங்கியது. நான் விரல் கணுக்களில் எண்ணினேன். எனக்கு இசை தெரியாது, எண்ணத் தெரியும். முப்பது. நாற்பது. நாற்பத்தொன்பது.

புல்லாங்குழல் வரவில்லை.

ஒரு கணு தவறவிட்டிருப்பேன் என்று நினைத்தேன். "மச்சான், குழல் எங்க?" என்றார் மாப்பிள்ளை காதில். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கணக்கில் ஐம்பத்திரண்டு முடிந்த பிறகு குழல் வந்தது.

என் தங்கை தாளைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் குழுவைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் மேடையில் அவள் முகம் மாறி நான் பார்த்ததில்லை. அன்று மாறியது. அவள் மனதில் ஓடியதைப் பின்னால் அவளே சொன்னாள். குழல்காரி மட்டும் மூன்று பார் தாமதமாக வந்திருந்தால், மற்றவர்கள் தாளில் இருப்பதைத்தான் வாசிக்கிறார்கள், அறுபத்துநான்கில் அடிக்க வேண்டும். இசையே மூன்று பார் நீண்டுவிட்டதென்றால், அறுபத்துநான்கில் அடித்தால் கண்ணாடிக்காரப் பையனின் கதைதான். குழல் ஒரு சாட்சி. ஒரு சாட்சியை வைத்து எதையும் எழுத முடியாது. அடுத்த நிறுத்தத்துக்குக் காத்திருந்தாள்.

ஐம்பத்தாறு. செல்லோக்காரர்கள் மூவரும் வில்லை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது முடிந்ததும் மூன்று வில்லும் ஒன்றாகக் கீழே இறங்கின.

அவள் தாளை மூடிவிட்டாள். வேண்டுமென்றேதான் மூடினாள், மாப்பிள்ளையும் பார்த்தார்.

அறுபத்தொன்றில் இரண்டாம் வரிசையில் ஒரு தலை சட்டென்று நிமிர்ந்தது. சுருட்டைக்கு அப்போதுதான் பதினான்காவது சீட்டு நினைவுக்கு வந்திருக்கிறது. பாதி எழுந்துவிட்டாள். எழுந்து என்ன செய்ய முடியும்? பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குச்சிக்காரரோ அவளுடைய கையெழுத்துப் பிரதிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார்.

அறுபத்துநான்கு. தாளின்படி அடிக்க வேண்டிய இடம். என் தங்கையின் கை தொங்கியபடியே இருந்தது. சுருட்டை முகத்தைப் பொத்திக்கொண்டாள். அறுபத்தைந்தில் கொட்டாப்புளி தட்டின் விளிம்பைத் தொட்டு வருடத் தொடங்கியது. எதுவும் கேட்கவில்லை, தட்டு லேசாக அசைவது மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அறுபத்தாறு. அறுபத்தேழு.

அடித்தாள்.

பதின்மூன்று பேரும் அந்த அடியின் மேல் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். அது அரங்கத்தின் சுவர்வரை போய்த் திரும்பி எங்கள் நாற்காலிக் கைப்பிடிகளில் இறங்கியது. ஒவ்வொரு ஆண்டும் தட்டு எத்தனை விநாடி ஒலித்தது என்று குறித்து வைத்திருக்கிறேன். 2024-க்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்த பிறகு நாங்கள் மேடைக்குப் பின்னால் போனோம். அங்கே இருந்த மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சுருட்டை எங்களுக்கு முன்பே ஓடி வந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, உங்களுக்கு மட்டும் சீட்டு குடுக்கலை. உங்களுக்கு அந்த இடத்துல ஒண்ணுமே இல்லையேன்னு..."

"ஒண்ணுமே இல்லையா?" என்றாள் தங்கை. "அறுபத்திநாலு பார் இருக்குடி எனக்கு. உன் வயலின்காரிக்குக்கூட அவ்வளவு கிடையாது."

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"குழல் லேட். அவ லேட்டா, ஊரே லேட்டான்னு பார்த்தேன். செல்லோவும் லேட். அப்புறம் என்ன, ரூட்டையே மாத்திட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. டைம்கீப்பருக்கு மட்டும் சொல்லலை."

குச்சிக்காரர் வந்து, "என் தப்பு. நான் சரிபார்த்திருக்கணும்" என்றார்.

"உங்க வாட்ச் இன்னும் தூங்குது" என்றாள் அவள். முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய வார்த்தையை அவர் மறந்திருக்கவில்லை, சிரித்துவிட்டார்.

பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்துச் சுருட்டையிடம் நீட்டினாள். "தாள்ல திருத்து. டெப்போவுல திருத்தினா கையெழுத்தும் தேதியும் போடுவோம்." அந்தப் பெண் 64-ஐ ஒரே கோட்டில் அடித்துவிட்டு 67 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, 9.3.2024 என்று தேதியும் போட்டாள். பென்சில் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, இதை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தங்கை தாளையே கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில், 2019-இன் தாளை டெப்போ பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்தாள். "உன் நோட்டுல வச்சுக்கோ அண்ணா. எனக்கு வேண்டாம்." வைத்திருக்கிறேன்.

"இன்னிக்கு ஒத்துக்கறேன்" என்றார் மாப்பிள்ளை பின் இருக்கையிலிருந்து. "என் மெஷினுக்கு இது வராது. அதுக்கு நிக்கத் தெரியாது."

ஏப்ரல் 11-ஆம் தேதி, ஒலிப்பதிவு கிடைத்தது என்று பெரிய குழுவிடமிருந்து கல்லூரிக்குக் கடிதம் வந்தது. ஜூன் 3-ஆம் தேதி வந்த கடிதத்தில் கடைசி ஐந்தில் சுருட்டையின் இசையும் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தங்கை கேட்கவும் இல்லை. டெப்போவுக்குத் தபால்காரர் வரும் நேரத்தை மட்டும் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கத் தொடங்கியிருந்தாள்.

மூன்றாவது கடிதம் கல்லூரிக்கு வரவில்லை. 'தட்டக்கா, டைம்கீப்பர், பேருந்து டெப்போ' என்று முகவரி எழுதி நேராக அவள் கூண்டுக்கு வந்தது. அனுப்பியவள் சுருட்டை. தேர்ந்தெடுத்துவிட்டார்கள், நவம்பரில் வாசிக்கிறார்கள், ஒத்திகைக்காகத் தலைநகரத்துக்கு வந்திருக்கிறேன் என்று நாலு வரி. கூடவே, அச்சான இசையில் தட்டுக்கான தாள் ஒன்று.

தங்கை எனக்குப் போன் செய்து வரச் சொன்னாள். போனபோது கூண்டில் மாப்பிள்ளையும் பட்டறை எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார். அவரைத் தொடக்கூடாது என்று சொல்லித் தாளை அவளே தூக்கிக் காட்டினாள். தடித்த கோடு, அதன்மேல் 67. கோட்டுக்கு மேலே, சிறிய அச்செழுத்தில், வயலின் நிற்கும் இடம், கொம்பு தொடங்கும் இடம், குழல் வரும் இடம், செல்லோ வில்லை வைக்கும் இடம். அவள் பென்சிலால் போட்ட ஒவ்வொரு நிறுத்தமும், எண் மட்டும் திருத்தப்பட்டு, ஒன்றுகூட விடாமல். இனி எந்த ஊரில் யார் அந்தத் தட்டின் முன் நின்றாலும் அவள் குறிப்பைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள்.

அவள் நிறுத்தங்களை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டுமுறை சரிபார்த்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்து, வண்டிகளுக்கான பத்தியிலேயே, அன்றைய பக்கத்தில் எழுதினாள்:

கடிதம். வந்தது 2024 ஆகஸ்ட் 22, காலை 11.17.